திண்டுக்கல் பாறையும் இரு கணவாய்களும்

மாட்டுப்பட்டி என்னும் பெயரை மலையாளிகள் மாட்டுப்பெட்டி என வழங்குவர். ஆயினும் மாடுகளை அடைத்து வைக்கும் பட்டி என்னும் தமிழ்ப் பொருள் அப்பெயரின் மேல் வெளிப்படையாகவே தெரிகின்றது. கேரள நாட்டின் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு அப்பால், கடல் மட்டத்திற்கு மேல் ஐயாயிரம் அடிக்கும் மிகுந்த உயரத்தில் அவ்வூர் அமைந்துள்ளது. 1953ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அணை அங்கே உண்டு. 1963ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டாரின் துணையோடு தொடங்கிய கால்நடைப் பண்ணையும் உண்டு. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அத்தோட்டங்களில் கொழுந்து பறிப்போரும் அவர்தம் மக்களும் பேசும் மொழி பெரும்பாலும் தமிழே. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கங்காணிமார் பின்னே மலையேறி வந்தோரின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

அவ்வூர் அன்பர்களுக்கும், அவர்களைப் போன்று எல்லைக்கு அப்பால் பாலக்காட்டிலும் கொச்சியிலும் பெங்களூரிலும் குடியமர்ந்துள்ள தமிழர்களுக்கும், ஒரு நாள் பயணமாகக் கண்டு வரத்தக்க இடம் ஒன்றைப் பற்றி இங்கே கூற விழைகின்றோம். அது திண்டுக்கல் பாறையும் அதன் மேல் உள்ள கோட்டையும் ஆகும். கோட்டைகள் நாட்டில் பல உள. இந்தக் கோட்டைக்கு மட்டும் உள்ள சிறப்பு யாது? இங்கு நடந்த வரலாற்றின் பாதி, மலைக்கு மேற்கே நடந்த வரலாறு. பாலக்காட்டில் இன்று நிற்கும் கோட்டைக்கு விதை ஊன்றப்பட்ட இடம் இந்தப் பாறை. ஆதலின், மேற்கே வாழும் தமிழர்க்கு இது பிறர் ஊர்க் கோட்டை அன்று.

மாட்டுப்பட்டியிலிருந்து கிழக்கே இறங்கும் வழிக்கும் ஒரு கதை உண்டு. பாண்டிய மரபினர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட பூஞ்சாற்று அரசரிடமிருந்து, 1877ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்பார் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். பின்னர்த் தேயிலை விளையத் தொடங்கியது. விளைந்ததைக் கடலுக்குக் கொண்டு செல்ல வழி வேண்டுமே! மேற்கே இறங்குவதைக் காட்டிலும் கிழக்கே இறங்குவது அக்காலத்தில் எளிதாயிற்று. 1902ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக, டாப் ஸ்டேஷன் எனப்படும் மலை விளிம்பு வரை, எருதுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடிற்று. 1908இல் அதுவே குறும்பாதை இருப்பூர்தியாக மாறிற்று. மலை விளிம்பிலிருந்து கம்பிக் கயிற்று வழியே தேயிலைப் பெட்டிகள் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர் சேர்ந்தன. 1924ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பெய்த பெருமழை அந்த இருப்பூர்தியை அடியோடு அழித்துவிட்டது. மலையாளிகள் இன்றும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று சொல்லும் ஊழி அது. கொல்லம் ஆண்டு 1099ஐ மனத்தில் வைத்துச் சொல்வது.

இன்று போடிமெட்டு வழியே பேருந்துகள் செல்கின்றன. மாட்டுப்பட்டியிலிருந்து திண்டுக்கல் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். வைகறையில் புறப்பட வேண்டும். மலைப்பாதையில் விரைவு எதிர்பார்த்தல் ஆகாது. தேவிகுளம், பூப்பாறை கடந்து போடிமெட்டு விளிம்பை அடைந்ததும், காலடியில் தேனிச் சமவெளி திடுமெனத் திறந்துகொள்கின்றது. குளிர் நீங்கி வெம்மை முகத்தில் அறையும். ஏலத் தோட்டத்து ஈரம் முடிந்து வேலிக்காத்தான் முள்ளும் செம்மண்ணும் தொடங்கும். செங்குத்தான பாறைச் சுவர்களை ஒட்டிச் சாலை வளைந்து வளைந்து இறங்குகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலை கிழக்கே இவ்வாறு நெடுஞ்சுவராக வீழ்வதைக் கண்ணாற் கண்டவர்க்கே, கணவாய் என்னும் சொல்லின் அருமை விளங்கும். சுவரில் வாயில் இல்லாத இடத்தில் படை செல்ல இயலாது. வணிகமும் செல்ல இயலாது.

தேனி, பெரியகுளம் கடந்து வத்தலக்குண்டு வருகின்றோம். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையரும், விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவும் பிறந்த ஊர் அது. சிறிய ஊர் ஒன்று அடுத்தடுத்து இத்தகைய இருவரைத் தந்தது வியப்பே. ஆனால் நமக்கு இன்று நேரம் இல்லை. செம்பட்டி தாண்டியவுடன் மேற்கே பழனி மலைத் தொடர் பின்வாங்குகின்றது. கிழக்கே சிறுமலை எழுகின்றது. இரண்டுக்கும் நடுவே திறந்த வெளி. அந்த வெளியில், சுற்றிலும் வேறு குன்றின் துணை இன்றி, மரமும் புல்லும் அற்ற ஒரே மொட்டைப் பாறை நிற்கின்றது. அதுவே திண்டுக்கல்.

பெயர்க் காரணம் பார்த்தவுடனே விளங்கும். செல்வர் இல்லத்தில் சாய்ந்து கொள்ள வைக்கும் திண்டினை ஒத்த வடிவினது இக்கல். தரையிலிருந்து ஏறத்தாழ 300 அடி உயரம் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 1,220 அடி. உயரம் பெரிதன்று. கொடைக்கானலைக் கண்டு பழகியவர்கள் இதனை மலை என்று சொல்லவும் தயங்குவர். ஆனால் பக்கங்களின் வழவழப்பையும் செங்குத்தையும் அருகில் சென்று நோக்குதல் வேண்டும். கை பற்ற ஒரு வெடிப்பும், கால் வைக்க ஒரு விளிம்பும் பல இடங்களில் இல்லை.

இத்தகைய மொட்டைப் பாறை எவ்வாறு உண்டாயிற்று? ஒரு காலத்தில் இப்பாறை மண்ணுக்குள் ஆழப் புதைந்து கிடந்தது. சுற்றியிருந்த மென்மையான பாறையும் மண்ணும் பல கோடி ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் தேய்ந்து ஓடைகளில் சென்றன. வெடிப்புக் குறைந்த கெட்டிப் பகுதி மட்டும் தேயாது எஞ்சியது. மேலிருந்த பாரம் நீங்கவே, அழுந்தியிருந்த கல் சற்றே விரிந்து, வெங்காயத் தோல் போன்று அடுக்கடுக்காக உரியத் தொடங்கிற்று. அவ்வாறு உரிந்த தகடுகள் சரிந்து விழுந்தமையாற்றான் பக்கங்கள் வழவழப்பாயின. உரிந்த தகடுகளின் நடுவே உண்டான பள்ளங்களில் மழைநீர் தேங்கிச் சுனைகள் ஆயின. ஆக, இயற்கையே இங்கு மதில் எழுப்பி, இயற்கையே குடிநீர்த் தொட்டியும் அமைத்து வைத்தது. மனிதன் செய்தது, மேலே ஒரு சுற்றுச் சுவரை வைத்ததும், ஏறுவதற்குப் படி வெட்டியதுமே.

அந்த வேலையைத் தொடங்கியவர் மதுரை நாயக்கர். முத்துக் கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், 1605ஆம் ஆண்டில் கோட்டை எழுந்தது என்பர். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் அதனை வலுப்படுத்தினார். கோயம்புத்தூர், கரூர் பக்கமிருந்து மதுரைக்கு வரும் படை, பழனி மலைக்கும் சிறுமலைக்கும் இடைப்பட்ட இத்திறப்பில் நுழைந்தே வருதல் வேண்டும். மதுரைக்கு வடவாயில் இது. வாயிலின் தாழ் இந்தப் பாறை. திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர் ஆனது பிற்காலத்துச் செய்திதான். எனினும் மதுரையின் பூட்டாக அது இருந்தது அதற்கு முன்பே என்று சொல்லத் தோன்றுகின்றது.

அப்பூட்டு எத்தகைய பகையைத் தடுக்க வேண்டியிருந்தது என்பதற்கு மூக்கறு போர் ஒன்றே சான்று. திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில், மைசூர் அரசர் கண்டீரவ நரசராஜரின் படை மதுரை நாட்டுள் புகுந்தது. கையில் அகப்பட்டோரின் மூக்கை மேலுதட்டோடு அறுத்து, சீரங்கப்பட்டினத்துக்கு மூட்டையாக அனுப்பியது. நாயக்கர் நோயுற்றுக் கிடந்தார். இராமநாதபுரத்து இரகுநாத சேதுபதி பெரும் படையோடு மதுரைக்கு விரைந்து வந்து, மைசூர்ப் படையைத் திண்டுக்கல் பக்கமாக விரட்டினார். பின்னர் மதுரைப் படை மைசூர் எல்லைக்குள் சென்று, அதே கொடுமையை அங்குள்ளோர்க்குச் செய்து திரும்பியது. நம்மவர் செய்ததாகலின் அது வீரம், பிறர் செய்ததாகலின் அது கொடுமை என்று சொல்ல நாம் ஒருப்படோம். இரு பக்கத்திலும் மூக்கிழந்தோர் உழவரும் வழிப்போக்கருமே.

படியேறி மேலே செல்வோம். பாறையிலேயே வெட்டிய அகன்ற படிகள். வெயில் ஏறுமுன் ஏறிவிடுதல் நலம். பத்து மணிக்கு மேல் கல் கொதிக்கும். வாயில்களைக் கடந்ததும், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய படைவீடுகள், கிடங்குகள், அறைகள், பீரங்கி வைக்கும் இடைவெளிகள் உடைய மதில் ஆகியன விரிந்து கிடக்கின்றன. வழிகாட்ட முன்வரும் சிறுவர்கள், இங்கிருந்து மதுரைக்குச் சுரங்க வழி உண்டு என்று தவறாமல் கூறுவர். சுரங்கம் இல்லாத கோட்டை தமிழ்நாட்டு வாய்மொழியில் இல்லை. ஒரே பாறையைக் குடைந்து அறுபது கிலோமீட்டர் வழி செய்தல் இயலுமா என்று அவர்களைக் கேட்டு, அவர்தம் முகத்தை வாடச் செய்தல் வேண்டா.

உச்சியில் ஒரு கோயில் உண்டு. கட்டடம் உண்டு, தூண்கள் உண்டு, கருவறை உண்டு. கருவறையில் திருவுருவம் இல்லை. பத்மகிரி என்று இம்மலையைப் போற்றும் அன்பர்கள், இங்கிருந்த பத்மகிரீசுவரரும் அபிராமி அம்மையும் கீழே ஊருக்குள் எழுந்தருளிவிட்டனர் என்பர். கீழே உள்ள அபிராமி அம்மன் கோயிலில் வழிபாடு சிறப்பாக நடைபெறுகின்றது. முழுநிலா நாளில் மக்கள் மலையைச் சுற்றி வலம் வருகின்றனர். கோட்டைக்குள் கோயில் இருந்தால், கோட்டைக்கு வரும் இடர் கோயிலுக்கும் வரும். ஊருக்குத் தெற்கே உள்ள பேகம்பூர்ப் பள்ளிவாசலும் கோட்டை வரலாற்றோடு சேர்ந்ததே. ஐதர் அலியின் உடன்பிறந்தாள் அமீருன்னிசா பேகம் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

இனி ஐதர் அலிக்கு வருவோம். இந்தப் பாறை வெறும் மதுரைக் கோட்டையாக இருந்த நிலை மாறி, மேற்குக் கடல்வரை நிழல் வீசியது அவர் காலத்திலேதான். நாயக்கர் ஆட்சி 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிதைந்தபின் திண்டுக்கல் மைசூரின் கைக்குச் சென்றது. சுற்றியிருந்த பாளையக்காரர் கப்பம் கட்ட மறுத்தனர். அவர்களை அடக்குமாறு 1755ஆம் ஆண்டில் மைசூர் அரசு ஐதர் அலியைத் திண்டுக்கல்லின் பௌஜுதாராக, அதாவது படையும் வரியும் சேர்ந்த அதிகாரியாக அனுப்பியது. அதுவரை அவர் மைசூர்ப் படைத்தலைவர் பலருள் ஒருவர். இங்கேதான் அவருக்குச் சொந்தமாக வருவாயும் சொந்தமாகப் படையும் கிடைத்தன. பிரெஞ்சுக் கம்மியரைத் தருவித்து, படைக்கலம் செய்யும் சாலை ஒன்றைத் திண்டுக்கல்லில் அமைத்தார். எழுதப் படிக்க அறியாதவர் எனினும், கணக்கில் ஒரு காசும் தவற விடாத நினைவாற்றல் உடையவர். 1761இல் மைசூர் ஆட்சி முழுதும் அவர் கைக்கு வந்தமைக்கு, திண்டுக்கல்லில் கழிந்த அவ்வாண்டுகளே அடிப்படை என்று சொல்வது மிகையன்று.

இங்கே பாலக்காடு நம் கதைக்குள் வருகின்றது. 1757ஆம் ஆண்டில் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் படை பாலக்காட்டைத் தாக்கிற்று. பாலக்காட்டு அச்சன் மைசூரிடம் உதவி கேட்டுத் தூது அனுப்பினார். திண்டுக்கல்லில் இருந்த ஐதர், தம் மைத்துனர் மக்தூம் அலியை 2,000 குதிரை வீரர், 5,000 காலாட்கள், 5 பீரங்கிகளுடன் அனுப்பினார். படை பாலக்காட்டைக் கடந்து கடற்கரை வரை சென்றது. சாமூதிரி அஞ்சி, போர்ச் செலவாக 12 இலட்சம் ரூபாய் தருவதாக உடன்பட்டார், ஆனால் தரவில்லை. அந்தத் தராத கடன் ஒன்பது ஆண்டுகள் ஐதரின் ஏட்டில் நின்றது. 1766இல் அதனையே காரணமாகக் காட்டி அவர் மலபார் மீது படையெடுத்தார். அதே ஆண்டில் பாலக்காட்டில் கோட்டையை எழுப்பினார். ஓர் உதவி கேட்டமையால் ஒரு நாடு பெற்ற விளைவு இது. பாலக்காட்டு அச்சன் இதனை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

ஏன் அங்கே கோட்டை? மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்திற்கு ஒரு பெருந்திறப்பு உண்டு. அதுவே பாலக்காட்டுக் கணவாய். போடிமெட்டில் நாம் தலைசுற்ற இறங்கினோமே, அத்தகைய துன்பம் அங்கே இல்லை. நிலம் சில நூறு அடி உயரத்திலேயே மேற்கும் கிழக்கும் தடையின்றிச் செல்கின்றது. காற்றும் மழையும் அவ்வழியே வரும். பீரங்கி வண்டியும் வரும். கோயம்புத்தூருக்கும் மேற்குக் கடலுக்கும் இடையே போக்குவரவைக் கையில் வைத்துக்கொள்ள விரும்பியவர், அந்த வாயிலில் பூட்டு ஒன்று போடுதல் இயல்பே.

இரண்டு கோட்டைகளையும் கண்டவர்கள் வேறுபாட்டை உடனே உணர்வர். பாலக்காட்டில் பாறை இல்லை. ஆகையால் அங்கே கருங்கல்லால் சதுர வடிவில் தடித்த மதிலும், சுற்றி ஆழ்ந்த அகழியும் வெட்ட வேண்டியிருந்தது. திண்டுக்கல்லில் இயற்கை தந்ததை அங்கே மண்வெட்டி தர வேண்டியதாயிற்று. பாலக்காட்டு அன்பர்கள் மாலையில் உலாவும் அந்த அகழிக் கரையை, அதன் உள்ளே உள்ள அனுமன் கோயிலுக்குச் செல்லும்போது அவர்கள் கடக்கும் அந்த வாயிலை, திண்டுக்கல் பாறையின் தம்பி என்று நாம் கருதுகின்றோம். திப்பு கோட்டை என்று அங்கே வழங்குவது வழக்கமாகிவிட்டது; கட்டியவர் தந்தையே. 1766இல் திப்பு பதினைந்து பதினாறு வயது இளைஞர்.

அதே கணவாய் வழியாகத்தான் அதற்கும் பல தலைமுறைக்கு முன்னரே தமிழ்க் குடிகள் மேற்கே சென்று கல்பாத்தி முதலிய ஊர்களில் குடியமர்ந்தனர். படை செல்லும் வழியும் குடி பெயரும் வழியும் ஒன்றே. இதனை வரலாற்று நூல்கள் தனித்தனி அத்தியாயமாக எழுதிவிடுகின்றன.

ஐதரின் திண்டுக்கல், அடைக்கலம் தேடியோர்க்கும் இடம் தந்தது. 1772ஆம் ஆண்டு சூன் திங்களில், நவாபின் படையும் ஆங்கிலேயர் படையும் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றன. அவர் மனைவி வேலு நாச்சியார், சிறு மகள் வெள்ளச்சியுடனும், மருது சகோதரர்களுடனும், முதிய பிரதானி தாண்டவராய பிள்ளையுடனும் வடக்கே தப்பி வந்தார். திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி செல்லும் வழியில், இன்றைய ஒட்டன்சத்திரத்தின் அருகே விருப்பாட்சி என்னும் பாளையம் உண்டு. மலை வாழைப்பழத்தால் இன்று அப்பெயரை அறிவோர் பலர். அப்பாளையத்தின் கோபால் நாயக்கர் அவர்களுக்கு இடம் அளித்தார். தாண்டவராய பிள்ளை அதே ஆண்டு டிசம்பரில் ஐதருக்கு உதவி வேண்டி மடல் எழுதினார். நாச்சியார் ஐதரை நேரிற் கண்டு உருது மொழியில் பேசினார் என்பது சிவகங்கை மக்களின் வழக்கு. எட்டு ஆண்டுகள் காத்திருந்து, ஐதர் அளித்த துணைப்படையோடு 1780இல் அவர் சிவகங்கையை மீட்டார்.

ஒன்றை இங்கே நின்று எண்ணிப் பார்த்தல் தகும். அடைக்கலம் தந்த கோபால் நாயக்கர் தெலுங்கு மரபினர். துணை செய்த ஐதர் மைசூர் முசுலிம். வந்தவர் சேது நாட்டில் பிறந்து மறவர் சீமையை ஆண்ட அரசியார். இவர்களை ஒன்று சேர்த்தது மொழியும் அன்று, சமயமும் அன்று. ஐதருக்கு ஆர்க்காட்டு நவாபின் மேல் பகை. அரசியார்க்கும் அதே பகை. அரசியல் கணக்கு என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆனால் எட்டு ஆண்டுகள் ஒரு குடும்பத்தையும் அதன் பரிவாரத்தையும் பாதுகாத்தல் கணக்கு ஒன்றினால் மட்டும் நிகழ்ந்திருக்கும் என்று நம்மால் நம்ப இயலவில்லை.

திண்டுக்கல்லும் பாலக்காடும் பின்னர் ஒரே தலைவிதியைப் பகிர்ந்துகொண்டன. 1767இல் தொடங்கிய முதல் மைசூர்ப் போரில் இரண்டையும் ஆங்கிலேயர் பிடித்தனர், ஐதர் மீட்டுக்கொண்டார். 1783இல் மீண்டும் இரண்டையும் பிடித்தனர். 1784 மங்களூர் உடன்படிக்கையின்படி திப்புவிடம் திரும்பின. 1790இல் மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டது. கர்னல் ஸ்டூவர்ட் என்பார் முதலில் பாலக்காட்டை நோக்கிச் சென்றார். தென்மேற்குப் பருவமழையால் ஆறுகள் பெருக்கெடுக்கவே திரும்பினார். மழை பெய்யாத கிழக்குப் பக்கம் நோக்கி, திண்டுக்கல்லின் மேல் சென்றார். ஆகஸ்டுத் திங்களில் பீரங்கி கொண்டு மதிலை இடித்து, பாறைமேல் ஏறித் தாக்கினர் அவர் படையினர். தாக்குதல் முறியடிக்கப்பட்டது. ஆயினும் மறுநாட்காலையில் உள்ளே இருந்தோர் வெள்ளைக்கொடி காட்டினர். வென்றவர் சரணடைந்த விந்தை அது! செப்டம்பரில் பாலக்காடும் ஸ்டூவர்ட்டிடம் பணிந்தது. ஒரே படைத்தலைவர், ஒரே பருவம், இரண்டு பூட்டுகள்.

பாறையைப் பற்றி நாம் கொண்டிருக்கும் ஓர் எண்ணத்தை இந்நிகழ்ச்சி மாற்றுகின்றது. கல் காவல் செய்யும் என்பது பாதி உண்மையே. உள்ளே மருந்தும் உணவும் மனவுறுதியும் தீர்ந்தால், முந்நூறு அடிச் செங்குத்துப் பாறை தன் மேல் இருப்போருக்கே சிறையாகிவிடும். 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டின உடன்படிக்கையில் திப்பு, திண்டுக்கல், மலபார் இரண்டையும் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தார். மதுரைக்கு முன்னரே திண்டுக்கல்லில் கலெக்டர் அமர்ந்தார்.

வந்தவர் வரி கேட்டார்; பாளையக்காரர் மீண்டும் மறுத்தனர். இம்முறை எதிர்ப்பு ஒவ்வொரு பாளையத்தோடும் நில்லாது, ஒன்றாகத் திரண்டது. அதன் நடுநாயகம் விருப்பாட்சிக் கோபால் நாயக்கர். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த அதே பெருமகன், இப்பொழுது முதியவர். மைசூர்ப் பக்கத்தில் குதிரைப் படையோடு திரிந்த தூண்டாஜி வாக், மலபார்க் காடுகளில் போர் செய்த பழசி கேரளவர்மர், தெற்கே சிவகங்கையின் மருது பாண்டியர் ஆகியோரோடு அவர் தொடர்பு கொண்டார். 1800ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 29ஆம் நாள் விருப்பாட்சியில் கூட்டம் கூடிற்று. கோயம்புத்தூரில் உள்ள ஆங்கிலேயர் படைவீட்டைத் தாக்குவதென முடிவாயிற்று. சூன் திங்கள் 3ஆம் நாள் தாக்குதல் முயன்று தோற்றது. பிடிபட்டோர் பலர் தூக்கிலிடப்பட்டனர். செப்டம்பரில் தூண்டாஜி போர்க்களத்தில் மாய்ந்தார்.

வரலாற்றுப் பேராசிரியர் கே. ராஜய்யன் 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூலில், 1800, 1801 ஆண்டுகளின் இக்கிளர்ச்சியையே முதல் விடுதலைப் போர் என்று பெயரிட்டு எழுதினார். அப்பெயர் பொருந்துமா என்று வாதிடுவோர் உளர். பெயர் எதுவாயினும், கன்னட நாட்டிலும் மலையாள நாட்டிலும் தமிழ் நாட்டிலும் இருந்தவர்கள், கணவாய்களின் வழியே தூதர்களை விட்டு ஒரு செயலுக்கு நாள் குறித்தனர் என்பதே நமக்கு முதன்மையாகப் படுகின்றது. பின்னாளில் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, பாலக்காடு சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து கேரளம் சேர்ந்தது. தமிழர் மிகுந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் கேரளத்திலேயே நின்றன. மாட்டுப்பட்டித் தமிழர் அயல் மாநிலத்தாராகவே நின்றனர். கோபால் நாயக்கரின் தூதருக்கு அத்தகைய எல்லைக் கோடு ஏதும் தெரியாது. அவர்க்குத் தெரிந்தவை காவற்சாவடிகளும் ஒற்றர்களுமே.

கோட்டை உச்சியில் மேற்குப் பக்கத்து மதிலோரம் நின்றால் இவ்வளவும் ஒரு நிலப்படம் போல் விரியும். மேற்கே பழனி மலையின் நீல விளிம்பு. அதன் வட அடிவாரத்தை ஒட்டிச் செல்வது விருப்பாட்சி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு சேரும் பாதை. இருப்புப் பாதையும் அவ்வழியே செல்கின்றது. திண்டுக்கல்லிலிருந்து பொள்ளாச்சிக்கு 1928இலும், அங்கிருந்து பாலக்காட்டிற்கு 1932இலும் மீட்டர் பாதையாக இடப்பட்டு, 2015இல் அகலப் பாதையாக மாறியது அது. பாலக்காட்டு அன்பர்கள் அந்த வழியில் வந்தால், மலையேறி இறங்கும் துன்பம் இல்லை. மாட்டுப்பட்டி அன்பர்களும் வேண்டுமாயின் போகும்போது போடிமெட்டு, திரும்பும்போது உடுமலை, மறையூர் என்று வளைந்து செல்லலாம். மறையூரில் பாறைமேல் பலகைக் கற்களை நிறுத்தி மூடிய பெருங்கற்கால முனியறைகள் உண்டு. ஆனால் அதற்கு ஒரு நாள் போதாது. தனியே ஒரு நாள் ஒதுக்குதல் வேண்டும்.

1801ஆம் ஆண்டு மே திங்களில் ஆங்கிலேயர் விருப்பாட்சியைக் கைப்பற்றினர். கோபால் நாயக்கர் பிடிபட்டார். செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் அவரைத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டனர். அதன்பின் ஏழு வாரத்திற்குள், அக்டோபர் 24ஆம் நாள், திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர். பழசி கேரளவர்மர் மட்டும் 1805 நவம்பர் வரை காட்டில் போரிட்டு மாண்டார். விருப்பாட்சியில் இன்று தமிழ்நாட்டு அரசு எழுப்பிய மணிமண்டபம் ஒன்று கோபால் நாயக்கர் பெயரால் நிற்கின்றது. கோட்டையிலோ 1860 வரை ஆங்கிலேயர் படை தங்கியிருந்து, பின்னர் வெளியேறிற்று. இந்நாளில் இந்தியத் தொல்லியல் துறை அதனைக் காத்து வருகின்றது.

அவர் தூக்கிலிடப்பட்ட இடம் கோட்டைக்குள் இல்லை. கீழே ஊரின் நடுவே உள்ள குளக்கரை என்று திண்டுக்கல் மக்கள் காட்டுகின்றனர். கோட்டையிலிருந்து இறங்கி நடந்து செல்லும் தொலைவுதான். அக்குளத்திற்குக் கோபாலசமுத்திரம் என்று பெயர்.